தீ என்றால் மட்டும்

வேல்ஸ் மொழியில் ஒரு முறை
ஆங்கிலத்தில் ஒரு முறை
இரண்டு மொழியிலும் புரியாத படிவம்.
ஒன்பதாம் பக்கத்தில் கேட்கிறது:
தீப்பிடித்தால் குதிரைகளை
எங்கே கொண்டுபோவீர்கள்?

மற்றதெல்லாம் எழுதிவிட்டேன்.
கொட்டடிகளின் நீள அகலம்,
முதலுதவிப் பெட்டி தொங்கும் ஆணி,
பன்னிரண்டு தலைக்கவசங்கள், வாங்கிய தேதியோடு.
சாணக் குவியலுக்கும் ஓடைக்கும் எவ்வளவு தூரம்
என்பதைக்கூட
நானும் மகன் எமிரும் மழையில் டேப் பிடித்து
இரண்டு முறை அளந்தோம்.
இரண்டு விடை வந்தது.
பெரியதை எழுதினேன்.

கவுன்சிலுக்குப் போன் செய்தால்
கட்டணம் என்றதும் வாய் திறக்கிறது,
சந்தேகம் என்றதும் வாய் மூடுகிறது.
கொள்ளுக்கும் கடிவாளத்துக்கும்
இதையேதான் செய்கின்றன என் குதிரைகளும்,
ஆனால் அவை
காத்திருக்கச் சொல்லி இசை போடுவதில்லை.

தீப்பிடித்தால்.
வடக்கே மலை. தெற்கே சாலை,
சாலை முழுக்க மரம் ஏற்றிய லாரிகள்.
கிழக்கே ஓடை, பிப்ரவரி வரை அதற்குக் கரையே கிடையாது.
மேற்கே மட்டும் சமதளமாய் ஒரு வயல்,
என் வாசலிலிருந்து நாற்பது அடியில் அதன் கேட்.
இத்தல் புரோசருடைய வயல்.

நானும் இத்தலும் பேசி
பதினோரு வருடம்.
எல்லையில் நின்ற ஒரு முள்மரத்தை
அவர் வெட்டினார்.
என் மாமனார் வைத்த மரம் அது.
அவருடைய அப்பா வைத்தது என்பார் அவர்.
மரத்தைக் கேட்கலாம் என்றால்
அது அந்தக் குளிர்காலமே
அவர் அடுப்பில் எரிந்து முடிந்தது.

மேற்கு வயல், என்று எழுதினேன்.
பென்சிலால்.

கவுன்சில் அனுப்பிய கால்நடை மருத்துவர்
ஹெஸ்கெத் என்ற பெண்மணி.
கல் பாவிய முற்றத்தில்
ஒவ்வொரு குதிரையாக ஓடவிட்டு
கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.
ட்ரீக்கிள் சரி. டம்ப்ளிங் சரி.
மிஸஸ் பார்க்கர் உதைக்கப் பார்த்தாள், அதுவும் சரி.
பிஷப் ஓடியபோது மட்டும்
கண்ணைத் திறந்தார்.
இடது பின்கால்
மற்ற மூன்றுக்கும் ஒரு மூச்சு பிந்தி விழுந்தது.
எனக்குத் தெரியும். போன மாதமே தெரியும்.
எட்டை அடித்து ஏழு என்று எழுதினார்.
பிஷப் அவர் பேனாவை முகர்ந்து பார்த்தான்.

"இந்த மேற்கு வயல் யாருடையது?"
"பக்கத்து வீட்டுக்காரர்."
"ஒப்புதல் எழுத்தில் இருக்கிறதா?"
வாய்வார்த்தையாகவே இல்லை என்று
நான் சொல்லவில்லை.
"வெள்ளிக்கிழமைக்குள்," என்றார்,
கழுவிய கையை உதறியபடி.

வியாழன் மாலை புறப்பட்டேன்.
நாற்பது அடி நடக்க
ஒரு தேநீர், இன்னொரு தேநீர்,
தேவையில்லாமல் ஒரு வாளியைக் கழுவியது,
இவ்வளவு ஆயிற்று.

குட்டி ஈனும் பருவம். கை முழங்கைவரை
ரத்தமும் அயோடினுமாய் நின்றார்.
காகிதத்தை டிரக்கின் பின்பலகையில் வைத்து
தூரப்பார்வைக்காரர் போலத் தள்ளி நின்று படித்தார்.
"தீ என்றால் மட்டும்," என்றார்.
"வெள்ளம் என்றால் கிடையாது."
"வெள்ளம் வந்தால்
முதலில் மூழ்குவது உங்கள் வயல்தான்,"
என்றேன்.
பதினோரு வருடத்துக்குப் பிறகு
நான் அவரிடம் பேசிய முதல் வாக்கியம்
இதுவாகத்தான் இருக்க வேண்டுமா.

அவர் பதில் சொல்லவில்லை.
ஆட்டின் முதுகில் எண் போடும் நீலக்கட்டியால்
கையெழுத்துப் போட்டார்.
அது கவுன்சிலின் இரண்டு கட்டங்களுக்கும்
வெளியே வழிந்தது.

உரிமம் வந்தது.
ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்,
ஏழு குதிரைகள், ஓராண்டு.
அடுத்த மார்ச்சில் மறுபடி அதே ஒன்பதாம் பக்கம்.
சட்டம் போட்டு மாட்டினேன்,
சட்டம் கோணலாக இருந்தது, விட்டுவிட்டேன்.
இத்தலின் கேட்டில் பூட்டைக் காணோம்.
அந்த இடத்தில் வைக்கோல் கட்டும்
ஆரஞ்சுக் கயிறு, ஒற்றை முடிச்சு.
விதிப்படி
சட்டென்று அவிழ வேண்டுமே.

இன்று விடியற்காலை போன் அடித்தது.
ஜன்னல் வழியே பார்த்தேன்.
மேற்கு வயலின் நட்டநடுவில்
பட்டியலில் இல்லாத பிஷப்,
வாயோரம் ஓர் ஆரஞ்சு நூல் தொங்க
பனிப்புல் மேய்கிறான்.

எடுத்தேன்.
வணக்கம் இல்லை, பெயர் இல்லை,
ஆடுகளின் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல்:

"எங்கே தீ?"